கார்பன் குறைப்பு விதிகள் பசுமைக் கட்டடங்களை எப்படி வளர்க்கின்றன?

ஒரு கட்டடம் இரண்டு கட்டங்களில் கார்பனை வெளியிடுகிறது. முதலாவது, அதைக் கட்டும்போது. சிமென்ட், கம்பி, செங்கல், கண்ணாடி எல்லாமே சூளையிலும் உலையிலும் வெந்து வருபவை. இரண்டாவது, அதில் ஆட்கள் குடியேறிய பிறகு. ஏசி, விளக்கு, மோட்டார், லிஃப்ட் என்று மின்சாரம் ஓடும் ஒவ்வொரு நாளும் எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது.

அளவு தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும் என்பதால் ஒரு சிறு கணக்கோடு தொடங்கலாம். 1000 சதுர அடி கான்கிரீட் வீடு ஒன்றுக்கு மேஸ்திரிகள் போடும் தோராயக் கணக்கு 400 மூட்டை சிமென்ட், 4 டன் கம்பி. 400 மூட்டை என்றால் 20 டன். இந்தியாவில் ஒரு டன் சிமென்ட் தயாரிக்கச் சுமார் 0.6 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2.5 டன். ஆக, சிமென்டால் 12 டன், கம்பியால் 10 டன், மொத்தம் 22 டன். குடியேறிய பிறகு அந்த வீட்டில் மாதம் 300 யூனிட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் என்பதால் ஆண்டுக்கு 2.5 டன். அதாவது கிரகப்பிரவேசத்தன்றே அந்த வீடு ஏறத்தாழ ஒன்பது ஆண்டு மின்சாரத்துக்கு நிகரான கார்பனை வெளியிட்டு முடித்துவிட்டது. நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகக் கட்டடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஓரிரு ஆண்டு மின்சாரமே கட்டுமானத்தை மிஞ்சிவிடும்.

பசுமைக் கட்டடம் என்றால் இந்த இரண்டையும், கூடவே தண்ணீர்ச் செலவையும் கழிவையும், வழக்கமான கட்டடத்தைவிடக் குறைத்துக் கட்டப்பட்டது. இதில் அரசின் விதிகளுக்கு என்ன வேலை? கட்டுபவர் ஒருவர், மின் கட்டணம் செலுத்துபவர் இன்னொருவர் என்பதுதான் பிரச்சினையின் வேர். கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்புப் பலகை வைக்கும் செலவு பில்டருக்கு. அதனால் குறையும் கரன்ட் பில் வீடு வாங்குபவருக்கு. சந்தையை அதன் போக்கில் விட்டால் பில்டர் அந்தப் பலகையை வைக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் விதி தேவைப்படுகிறது.

அதற்கு அரசுகள் கையாளும் வழிகள் பல: இதற்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு விதிப்பது, கார்பனுக்கு விலை வைப்பது, சலுகை தருவது, நட்சத்திர முத்திரை குத்துவது, அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்வது. எல்லாவற்றுக்கும் ஒரே பலன் கிடையாது. கட்டடம் எதற்காகக் காத்து நிற்கிறதோ (அனுமதி, மின் இணைப்பு, நிறைவுச் சான்றிதழ்) அந்த இடத்தில், யாரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணைக் கேட்கும் விதிதான் உண்மையில் வேலை செய்கிறது. மற்றவை அதற்குத் துணை.

இந்தியாவின் வரம்பு விதிகள்

2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-ல் எரிசக்தித் திறன் செயலகம், அதாவது ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் நட்சத்திரம் ஒட்டும் அதே பி.இ.இ., தொடங்கப்பட்டது. 2007-ல் அது வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. இ.சி.பி.சி. என்று துறையில் சொல்வது அதைத்தான். இணைப்புச் சுமை (இணைத்த கருவிகளின் மொத்த மின்திறன்) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை (மின்வாரியத்திடம் ஒப்பந்தம் செய்த உச்சத் தேவை) 120 கேவிஏ, இவற்றில் ஒன்றை எட்டும் கட்டடங்களுக்கு அது பொருந்தும். 2017-ல் புதுப்பிக்கப்பட்டபோது மூன்று படிகள் வந்தன. வழக்கமான கட்டடத்தைவிட 25 சதவீதம் மிச்சம் பிடித்தால் முதல் படி, 35 சதவீதத்துக்கு இரண்டாவது, 50 சதவீதத்துக்கு மூன்றாவது.

வீடுகளுக்கான விதி 2018 டிசம்பரில் வந்தது. பெயர் எக்கோ நிவாஸ் சம்ஹிதா. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கானது. 2022-ல் மூலச் சட்டமே திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரிய குடியிருப்புகளும் அலுவலகங்களும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன; கார்பன் சந்தைக்கும் அதில்தான் வழி பிறந்தது. 2070-ல் நிகரச் சுழியம் (வெளியிடும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாகும் நிலை) என்று 2021 கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்ததன் தொடர்ச்சி இது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய அரசு வெளியிட்ட உடனேயே இந்த விதித்தொகுப்புகள் உங்கள் ஊரில் கட்டாயமாகிவிடுவதில்லை. மாநில அரசு தன் பருவநிலைக்கு ஏற்ப மாற்றி அறிவிக்க வேண்டும். பிறகு அது கட்டட அனுமதி விதிகளுக்குள் நுழைய வேண்டும். கடைசியில், உள்ளாட்சி அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விதி காகிதத்தில்தான் இருக்கும். 2007-ல் வந்த விதித்தொகுப்பு பல மாநிலங்களில் கட்டடமாக மாறப் பல ஆண்டுகள் ஆனதற்கு இதுவே காரணம்.

ஓர் எண் கட்டடத்தை எப்படி மாற்றுகிறது

வீட்டு விதியின் மையத்தில் ஆர்.இ.டி.வி. என்ற ஓர் எண் இருக்கிறது. வெளிச்சுவர், சன்னல் வழியாக ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்பதே அது. குளிர்ப் பிரதேசம் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் வரம்பு 15. கூரை இந்த எண்ணில் சேராது. அதற்குத் தனி வரம்பு உண்டு.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற வெப்ப ஈரப் பகுதிகளுக்கான கணக்கில் மூன்று பகுதிகள். சுவர் கடத்தும் வெப்பத்துக்குக் குணகம் 5.15. கண்ணாடி கடத்தும் வெப்பத்துக்கு 1.31. கண்ணாடி ஊடாக நேராக உள்ளே விழும் வெயிலுக்கு 65.21. இந்த மூன்று எண்களைப் பார்த்தாலே போதும், எதிரி யார் என்று தெரிந்துவிடும். திசைக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. நம் அட்சரேகையில் வடக்குக்கு 0.659, மேற்குக்கு 1.156. எளிமைக்காக அதை 1 என்றே வைத்து ஒரு வீட்டைக் கணக்கிடுவோம்.

9 அங்குலச் செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு. வெப்பம் கடத்தும் அளவு, அதாவது யு மதிப்பு, சுமார் 2.0. வெளிச்சுவர்ப் பரப்பில் 20 சதவீதம் (0.2) சன்னல், மீதி 80 சதவீதம் (0.8) சுவர். சாதாரணத் தெளிகண்ணாடி, யு மதிப்பு 5.8, வெயிலை உள்ளே விடும் விகிதம் 0.8. சன்ஷேட் கிடையாது.

சுவர்: 5.15 × 0.8 × 2.0 = 8.2
கண்ணாடி கடத்துவது: 1.31 × 0.2 × 5.8 = 1.5
கண்ணாடி வழி வெயில்: 65.21 × 0.2 × 0.8 = 10.4

கூட்டினால் 20. தேறவில்லை. இப்போது நல்ல ஆழமான சன்ஷேட் போட்டு வெயில் விகிதத்தை 0.6 ஆக்கினால் கடைசி வரி 7.8 ஆகும், மொத்தம் 17.6. இன்னும் தேறவில்லை. சன்ஷேடோடு சுவரையும் 200 மி.மீ. ஏஏசி பிளாக்குக்கு (காற்றுத் துளைகள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்) மாற்றினால், அதன் யு மதிப்பு சுமார் 0.8 என்பதால், சுவரின் பங்கு 3.3-க்கு இறங்கும். மொத்தம் 12.6. தேறிவிட்டது. ஏஏசி வேண்டாம், செங்கல்தான் வேண்டும் என்பவருக்கும் வழி உண்டு: அதே சன்ஷேடோடு சன்னலை 12 சதவீதமாகக் குறைத்தால் 14.7 வரும்.

விதி எந்தப் பொருளையும் பெயர் சொல்லித் திணிக்கவில்லை. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வழியைக் கட்டுபவரிடம் விட்டுவிடுகிறது. நல்ல விதிக்கு அடையாளம் அதுதான் என்பது எங்கள் கருத்து. சன்ஷேட், தடித்த சுவர், மேற்கே சன்னல் குறைப்பது என்று நம் ஊர்க் கொத்தனார்கள் பரம்பரையாகச் செய்துவந்தவற்றுக்கெல்லாம் இந்தக் கணக்கில் மதிப்பெண் கிடைக்கிறது.

சன்னலைச் சுருக்கிக்கொண்டே போகவும் முடியாது. காற்றோட்டத்துக்கு இன்னொரு வரம்பு இருக்கிறது. வெப்ப ஈரப் பகுதியில் திறக்கக்கூடிய பரப்பு, தளப் பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கணக்கு வீடு முழுமைக்கும்தான். புரிந்துகொள்ள ஓர் அறையை எடுப்போம். 120 சதுர அடிப் படுக்கையறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். ஸ்லைடிங் சன்னல் பாதிதான் திறக்கும், ஆகவே 40 சதுர அடி சன்னல் தேவை. கதவு போல் திறக்கும் கேஸ்மென்ட் சன்னல் 90 சதவீதம் திறப்பாகக் கணக்கில் வரும், ஆகவே 22 சதுர அடி போதும். ஸ்லைடிங் போட்டால் கண்ணாடி ஏறத்தாழ இரண்டு மடங்கு. கண்ணாடி ஏறினால் ஆர்.இ.டி.வி. எகிறும். காற்று, வெயில் இரண்டு வரம்புகளையும் சேர்த்து வைத்ததால், யாரும் சொல்லாமலே கேஸ்மென்ட் சன்னல் திரும்பி வருகிறது.

இதே எண், வேகமாகக் கட்டும் ஒரு முறையோடு மோதவும் செய்கிறது. பெரிய அடுக்குமாடித் திட்டங்கள் பலவற்றில் அலுமினிய அச்சுகளை வைத்து, சுவரையும் தளத்தையும் சேர்த்தே கான்கிரீட்டில் வார்க்கிறார்கள். மைவான் என்று தளத்தில் சொல்வது இதைத்தான். ஆள்கூலி மிச்சம், நாள் மிச்சம். ஆனால் 160 மி.மீ. கான்கிரீட் சுவரின் யு மதிப்பு சுமார் 3.5. மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள்: 5.15 × 0.8 × 3.5 = 14.4. சுவர் மட்டுமே வரம்பைத் தின்றுவிட்டது. சன்னலுக்கு எஞ்சுவது 0.6. வெளிப்புறமோ உட்புறமோ வெப்பத் தடுப்பு ஒட்டாமல் இந்தச் சுவர் தேறுவது கடினம். கான்கிரீட் சுவரென்றால் சிமென்டும் கம்பியும் கூடுதல் என்பதால், முதலில் சொன்ன கட்டுமானக் கார்பனும் ஏறுகிறது. இவ்வளவும் ஒரு வரம்பு எண்ணால் வரைபடத்திலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. விதி இல்லாவிட்டால், மே மாதக் கரன்ட் பில் வரும்போதுதான் வாங்கியவருக்குத் தெரியவரும்.

மொட்டைமாடி

கூரைக்கு வீட்டு விதி வைக்கும் வரம்பு யு மதிப்பு 1.2. வணிகக் கட்டடங்களுக்கு 2017 விதியில் பெரும்பாலும் 0.33. வெறும் 5, 6 அங்குல கான்கிரீட் தளம் 3.5-க்கு அருகில் இருக்கும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டோடு பதிக்கும் நம் பழைய முறை இதைக் கணிசமாகக் குறைக்கும். ஆனாலும் அது மட்டும் 1.2-க்குப் போதாது. 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகையை (வெப்பத் தடுப்பு நுரைப் பலகை) சேர்த்தால் சுமார் 0.9-க்கு வந்துவிடும். வெள்ளைக் கூலிங் பெயின்ட் யு மதிப்பை மாற்றாது. வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தளம் சூடேறுவதுதான் குறையும். அழுக்குப் படிந்தால் பலனும் குறையும், ஆண்டுதோறும் கழுவ வேண்டும்.

மாடியில் தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பலகையை வைப்பதற்கு முன் நீர்க்காப்புப் பூச்சைச் சோதிக்காமல் விட்டுவிடுவார்கள். தளத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்யாமல் மேலே பலகை, கான்கிரீட், ஓடு என்று அடுக்கிவிட்டால், பிறகு ஒழுகும்போது எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டிவரும். அந்தப் பழி பசுமைக் கட்டடத்தின் மேல் விழுகிறது.

ஏஏசி பிளாக்கிலும் இதே கதை. விரிசல் விடுகிறது என்று பலரும் அதை வெறுக்கிறார்கள். செங்கலுக்குக் கலக்கும் தடித்த சிமென்ட் கலவையிலேயே பிளாக்கை வைப்பதும், செங்கல் போல் ஊறப்போடுவதும், தூணும் பிளாக்கும் சேரும் இடத்தில் வலை ஒட்டாமல் பூசுவதும்தான் பெரும்பாலான விரிசல்களுக்குக் காரணம். மூன்று மி.மீ. தடிமனுக்கு அதற்கென விற்கும் ஒட்டுக் கலவை, லேசான நனைப்பு, சேரும் இடங்களில் ஃபைபர் வலை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் பிளாக் நிற்கும். விதி பொருளை மாற்றும் வேகத்தில் கொத்தனாருக்குப் பயிற்சி போய்ச் சேராவிட்டால், நல்ல பொருளுக்கும் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

கார்பனுக்கு விலை வைத்தால் போதாதா?

இந்தியாவில் கார்பன் சந்தைத் திட்டம் 2023-ல் அறிவிக்கப்பட்டது. சிமென்ட், அலுமினியம் போன்ற தொழில்களுக்கு உமிழ்வு இலக்குகள் 2025-ல் அறிவிக்கப்பட்டன. இலக்கைத் தாண்டி உமிழும் ஆலை, மிச்சம் பிடித்த ஆலையிடம் கடன்புள்ளி (அந்த மிச்சத்துக்கான சான்று) வாங்க வேண்டும்.

இது கட்டடத்தை எவ்வளவு தொடும்? ஒரு டன் கார்பனுக்கு 1000 ரூபாய் என்று ஒரு கற்பனை விலை வைப்போம். அந்த விலை முழு உமிழ்வுக்கும் விழுவதாகவே கொண்டாலும் ஒரு டன் சிமென்டுக்கு 600 ரூபாய், ஒரு மூட்டைக்கு 30 ரூபாய். சதுர அடிக்கு 0.4 மூட்டை என்பதால் 12 ரூபாய். கம்பி சதுர அடிக்கு 4 கிலோ, அதன் கார்பன் 10 கிலோ, அதற்கு இன்னொரு 10 ரூபாய். சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கட்டுமானச் செலவு ஆகும் இடத்தில் 22 ரூபாய் ஏறினால் எந்த பில்டரும் வரைபடத்தை மாற்ற மாட்டார். ஆனால் சிமென்ட் ஆலைக்கு ஒரு டன்னுக்கு 600 ரூபாய் என்பது மிகப் பெரிய தொகை. எனவே கார்பன் விலை ஆலைக்குள் வேலை செய்யும்: கிளிங்கரை (சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுப் பெறும் சிமென்டின் மூலப்பொருள்) குறைத்து நிலக்கரிச் சாம்பல், எஃகு ஆலைக் கசடு, சுட்ட களிமண் ஆகியவற்றைக் கலக்கும் சிமென்ட் பெருகும். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த எல்.சி.3 சிமென்டுக்கு 2023-ல் இந்தியத் தர அளவு வந்திருப்பது அந்தப் பாதையில் ஒரு படி. சன்னல் எந்தப் பக்கம், சன்ஷேட் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் கார்பன் விலை மாற்றாது. அதற்கு வரம்பு விதி வேண்டும்.

நியூயார்க் நகரம் வேறு வழியில் போனது. 2019-ல் இயற்றப்பட்ட அதன் உள்ளூர்ச் சட்டம் 97, பொதுவாக 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் உமிழ்வுக்கே 2024 முதல் நேரடி வரம்பு வைத்தது. தாண்டினால் ஒரு டன்னுக்கு 268 டாலர் அபராதம். விலையும் பெரிது, அதைக் கட்ட வேண்டியவரும் கட்டட உரிமையாளரே. அதனால் ஏற்கெனவே நிற்கும் பழைய கட்டடங்களிலும் கொதிகலனை மாற்றலாமா, சன்னலை மாற்றலாமா என்ற பேச்சு தொடங்கிவிட்டது. புதுக் கட்டடங்களுக்கு மட்டும் விதி வைக்கும் நாடுகள் தொடாத பகுதி அது.

பழைய கட்டடங்களைச் சிங்கப்பூர் எப்படிப் பிடித்தது என்பது இன்னும் சுவையானது. அங்கே 2005-ல் கிரீன் மார்க் என்ற முத்திரை தொடங்கியது. முதலில் விருப்பம் இருந்தால் வாங்கலாம். 2008-ல் 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதுக் கட்டடங்களுக்குக் குறைந்தபட்சத் தரம் கட்டாயமானது. 2014 முதல், 15,000 சதுர மீட்டரை எட்டும் அலுவலகம், ஹோட்டல், கடைத்தொகுதி ஆகியவை மைய ஏசியின் சில்லரை (குளிர்நீர் தரும் இயந்திரம்) மாற்றும்போது அந்தத் தரத்தை எட்டியாக வேண்டும் என்றார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குளிரூட்டு முறைமைக்குத் தணிக்கையும் வைத்தார்கள். சில்லரின் ஆயுள் முடிவதுதான் உரிமையாளர் எப்படியும் பெரும் பணம் போடும் நேரம். அந்த நேரத்தில் கேட்டால் கூடுதல் செலவு சிறிது, பலன் பெரிது. 2030-க்குள் கட்டடப் பரப்பில் 80 சதவீதம் பசுமையாக வேண்டும் என்பது அவர்கள் இலக்கு.

சலுகைகள்

நிலம் தங்க விலை விற்கும் நகரங்களில் பில்டரை அசைப்பது எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவு. மகாராஷ்டிராவின் 2020 கட்டட விதிகளில் கிரிஹா, ஐ.ஜி.பி.சி. போன்ற தரச்சான்று பெறும் கட்டடங்களுக்குத் தர நிலையைப் பொறுத்து 3, 5, 7 சதவீதம் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. உண்டு. 1,00,000 சதுர அடிக்கு 5 சதவீதம் என்றால் 5,000 சதுர அடி; சதுர அடி 10,000 ரூபாய்க்கு விற்கும் பகுதியில் அது 5 கோடி. அரசுக் கஜானாவிலிருந்து ஒரு பைசா போகவில்லை. எனினும் சலுகை முன்கூட்டியே தரப்படுகிறது, கட்டடம் பிறகுதான் எழுகிறது. இறுதிச் சான்றிதழ் வராவிட்டால் அபராதம் உறுதி என்று வசூலித்துக் காட்டினால்தான் இந்த முறைக்கு மரியாதை. இல்லையென்றால் கூடுதல் தளம் மட்டும் எஞ்சும், பசுமை எஞ்சாது.

வீட்டுக் கூரைச் சோலாருக்கு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். 1 கிலோவாட் நம் வெயிலில் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேலும் கீழ் அடுக்குகளில் விலை குறைவு. குறைவாகச் செலவழிக்கும் குடும்பத்துக்குச் சோலாரோ தடிமனான கூரையோ பணமாகத் திரும்ப நெடுநாள் ஆகும். அதிக விலை கொடுக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் சீக்கிரம் திரும்பும். பசுமைக் கட்டடங்கள் ஐ.டி. வளாகங்களில் முதலில் பெருகி, தெருவோர வீடுகளுக்கு மெதுவாக வருவதில் இந்தக் கட்டண அமைப்புக்கும் பெரும் பங்கு உண்டு. ஏழை வீட்டுக்கு மின்சாரம் மலிவாக இருக்க வேண்டும் என்பது நியாயமானது. ஆகவே அங்கே பில்லைக் காட்டி ஊக்கப்படுத்துவதைவிட, அரசு கட்டித்தரும் குடியிருப்புகளிலேயே நல்ல கூரையையும் சன்ஷேடையும் போட்டுத் தருவதுதான் சரியான வழி.

பொருள் சந்தையைப் பிறப்பிக்கும் விதிகள்

இதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நீண்டகால வளர்ச்சி இங்கேதான் நடக்கிறது. 1999 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரிச் சாம்பல் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் சுடுவோர் களிமண்ணில் குறைந்தது 25 சதவீதம் சாம்பல் கலக்க வேண்டும். மின் நிலையங்கள் பத்து ஆண்டுகளாவது சாம்பலை இலவசமாகத் தர வேண்டும். நோக்கம் வளமான மேல்மண்ணைக் காப்பதும் சாம்பல் குவியலைக் குறைப்பதும்தான். பிறகு அந்தத் தூரம் 100, 300 கிலோமீட்டர் என்று விரிந்தது. மூலப்பொருள் உறுதியானதால் சிறு முதலாளிகள் சாம்பல் கல் தயாரிக்கும் இயந்திரம் போட்டார்கள். சூளையே தேவையில்லாத கல் என்பதால் கார்பனும் குறைந்தது. மேட்டூர், எண்ணூர், தூத்துக்குடி வட்டாரங்களில் இன்று வீடு கட்டுபவருக்குச் சாம்பல் கல் ஒரு சாதாரணப் பொருள்.

எல்.இ.டி. விளக்கில் நடந்ததும் அதுவே. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்துக்காக அரசு நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. ஒரு பல்பு சுமார் 310 ரூபாயிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்கும் எல்.இ.டி. போடு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏசியில் பி.இ.இ. வேறு உத்தி வைத்திருக்கிறது: அவ்வப்போது அட்டவணையை இறுக்குவது. 2022 ஜூலையில் அப்படி இறுக்கியபோது முந்தைய 5 நட்சத்திர ஏசி 4 நட்சத்திரமானது. தயாரிப்பவர் திறனை உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த வகையில் ஒரு சொந்த அனுபவமும் இருக்கிறது. 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. கார்பனோடு நேரடித் தொடர்பில்லாத விதி, ஆனால் பாடம் ஒன்றே. பழைய கட்டடங்களையும் சேர்த்ததால் ஊர் முழுவதும் குழாய்கள் மளமளவென்று இறங்கின. அதே சமயம் மணலும் ஜல்லியும் மாற்றாமல் தூர்ந்துபோன குழிகளும் ஏராளம். அமைத்ததைச் சரிபார்த்தார்கள், தொடர்ந்து இயங்குகிறதா என்று சரிபார்க்க யாருமில்லை.

முத்திரைக்கும் மீட்டருக்கும் உள்ள தூரம்

பசுமைச் சான்றிதழ்களில் இந்தப் பலவீனம்தான் பெரியது. பெரும்பாலான மதிப்பெண்கள் வடிவமைப்புக்கு. கணினியில் கட்டடத்தை ஓட்டிப்பார்த்து ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று காட்டுகிறார்கள். பிறகு நிஜத்தில், சமர்ப்பித்த கண்ணாடிக்குப் பதில் மலிவான கண்ணாடி ஏறுகிறது. சில்லர் பகுதிச் சுமையில் திறமையற்று ஓடுகிறது. சென்சார்கள் ஒருமுறைகூட அளவுதிருத்தம் பார்க்கப்படுவதில்லை. இரவு காலியான தளத்துக்கும் ஏசி ஓடுகிறது. கட்டடத்தை ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு கருவியையும் இயக்கிச் சரிபார்க்கும் கமிஷனிங் வேலையை அவசரத்தில் சுருக்கினால் இவை அத்தனையும் நடக்கும்.

சரிபார்க்க எளிய வழி ஆண்டு மின்சாரத்தைத் தளப்பரப்பால் வகுப்பது. இதை இ.பி.ஐ. என்பார்கள். 40,000 சதுர அடி அலுவலகம் சுமார் 3,716 சதுர மீட்டர். ஆண்டுக்கு 5,57,400 யூனிட் என்றால் இ.பி.ஐ. 150. அடுத்த ஆண்டு அதே ஆட்கள், அதே வேலை நேரத்தில் 170 ஆனால், சுவரில் பிளாட்டினம் முத்திரை தொங்கினாலும் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது. டீசல் ஜெனரேட்டர் தந்த யூனிட்டுகளையும் கூரைச் சோலாரில் அங்கேயே செலவானதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பலர் மின்வாரிய பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு எண் குறைந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு குறை, தொடக்கத்தில் சொன்ன கட்டுமானக் கார்பன். இந்திய விதிகளின் அழுத்தம் பெரும்பாலும் பயன்பாட்டு மின்சாரத்தின் மேல். பிரான்ஸ் 2022 முதல் நடைமுறைப்படுத்தும் ஆர்.இ.2020 விதியில் புது வீடுகளின் கட்டுமானப் பொருட்களின் உமிழ்வுக்கும் வரம்பு உண்டு. 2025, 2028, 2031 என்று படிப்படியாக அது இறுகும் என்று முன்பே அறிவித்துவிட்டார்கள். தேதி முன்கூட்டித் தெரிவதால் பொருள் தயாரிப்பவர் தைரியமாக முதலீடு செய்கிறார். நம் மின் தொகுப்பில் சூரிய, காற்று மின்சாரம் கூடக் கூட ஒரு யூனிட்டுக்கான கார்பன் இறங்கும். அப்போது ஒரு வீட்டின் மொத்தக் கணக்கில் சிமென்டும் கம்பியும் இன்னும் பெரிதாகத் தெரியும். அந்த வரம்பை இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.

அடுக்குமாடி வீடு வாங்குபவர் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் "பசுமைச் சான்று" என்றிருந்தால் அது முன்சான்றா இறுதிச் சான்றா என்று கேளுங்கள். முன்சான்று வரைபடத்துக்குத் தரப்படுவது. கட்டிமுடித்த பிறகு ஆவணங்களைப் பார்த்துத் தருவதே இறுதிச் சான்று. ஆர்.இ.டி.வி. கணக்குத் தாளைக் கேளுங்கள், அதில் சுவர்ப் பொருள், கண்ணாடி வகை, சன்ஷேட் ஆழம் மூன்றும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளோடு மாதிரி வீட்டுக்குப் போய், மேற்குச் சன்னலுக்கு மேலே அந்த ஆழத்தில் சன்ஷேட் நிற்கிறதா என்று டேப் பிடித்து அளக்கலாம். கடைசித் தளத்தில் வீடு எடுப்பவர் கூரையின் யு மதிப்பையும், எந்தப் பலகை, எத்தனை மி.மீ. என்பதையும் விற்பனை ஒப்பந்தத்தின் பொருள் விவரப் பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். தளத்தில் பலகை விரிக்கும் நாளைக் கேட்டு வைத்து, மேலே கான்கிரீட் மூடுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு உள்ளே 25 மி.மீ. இருக்கிறதா, 15 மி.மீ. இருக்கிறதா என்பதை உடைக்காமல் அறிய முடியாது.